கோ-கோ பிள்ளைகளுக்குப் புளியோதரை

"எல்லாராத்துலேர்ந்தும் யாராவது வரா. நம்மாத்துலேர்ந்து யாருமே வரதில்லை. இனிமே நான் கோ-கோ ஆடப் போகலைப்பா" என்றாள் என் மகள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு ஓடுவதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

திருப்பதியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஞாயிறு காலைகளில் கூடும் பிள்ளைகள் கிளப் அது. கோச் ஒருவர்தான். சுண்ணாம்புக் கோடு போடுவது, கம்பம் நடுவது, தண்ணீர் கொடுப்பது எல்லாம் பெற்றோர் முறைவைத்துச் செய்வது. கோயில் கைங்கரியம் என்று நான் சொல்லிவந்த சாக்கு அன்றோடு தீர்ந்தது. அடுத்த ஞாயிற்றின் முறையை வலியக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சூளூர்பேட்டைப் பிள்ளைகள் ஆட வரும் நாள் அது. "பிள்ளைகளுக்கு ஏதாவது கொண்டுவாங்க" என்றார் கோச்.

எங்கள் வீட்டில் ஏதாவது என்றால் புளியோதரைதான். பெரிய அடுக்குப் பாத்திரம் நிறையக் கிளறி, ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு போனேன். வந்த குழந்தையை வெறும் வயிற்றோடு நிறுத்திவைக்க எங்களுக்குத் தெரியாது. ஆட்டம் தொடங்கும் முன்பே தொன்னை தொன்னையாக நீட்டினேன். எங்கள் பிள்ளைகள் மறுபடியும் மறுபடியும் வந்தார்கள். சூளூர்பேட்டைக் கோச் விவரமானவர். ஆடி முடித்துத்தான் சாப்பாடு என்று தன் பிள்ளைகளைத் தடுத்துவிட்டார்.

கோ-கோவில் வரிசையாகக் குந்தி இருக்க வேண்டும், முதுகில் தட்டியதும் எழுந்து பாய வேண்டும். எங்கள் பிள்ளைகளால் குந்தவே முடியவில்லை. படுதோல்வி.

"இன்னா சாமி, வயிறு முட்ட துன்ன வெச்சிட்டு ஓடுன்னா எப்டி ஓடுவாங்கோ?" என்று சிரித்தார் புத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். அவர் மகளும் எங்கள் அணிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்த என் மகள் என் தோளைப் பிடிக்கவேயில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று சாயங்காலம் முழுக்க கோச்சையும் சூளூர்பேட்டையையும் திட்டித் தீர்த்தேன்.

இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று இருந்தேன். அடுத்த ஞாயிறு விடிந்ததும் அந்த விவசாயி போன் செய்தார்.

"மாங்கா லோடு ஏத்திகினு பங்காருபாளையம் மண்டிக்குப் போய்க்கினு கீறேன் சாமி. என் தண்ணி டியூட்டிய நீங்க பாத்துக்கோங்க." கொஞ்சம் நிறுத்தி, "தண்ணி மட்டும்" என்றார்.

மகள் வருவாளா என்று கேட்கப் பயந்துகொண்டே வண்டியைக் கிளப்பினேன். பேசாமல் வந்து பின்னால் ஏறிக்கொண்டாள்.

மைதானத்தில் பிள்ளைகள் தண்ணீருக்கு முண்டியடித்தார்கள். என் மகள் எல்லாரும் போனபிறகு வந்து இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள். ஆசையோடு ஊற்றப் போனேன்.

"ஒரு வாய் போறும்ப்பா. ரொம்பக் குடிச்சா ஓட முடியாது." குடித்துவிட்டு ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். "ஆட்டம் முடியறவரைக்கும் இங்கேயே இரு. ஆத்துக்குப் போயிடாதே."

நான் தலையாட்டுவதற்குள் அவள் ஓடிப்போய் வரிசையில் குந்திவிட்டாள்.