ஒன்று இரண்டு மாத்திரை

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் செழியனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குச் சம்பளம் இல்லை, லீவும் இல்லை. பார்வையற்றவர்களுக்குப் போனில் இருக்கும் தமிழை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள். ஐந்து பேர் ஓய்வு நேரத்தில் கூடிச் செய்கிறார்கள். யாரும் திருத்தம் எழுதலாம். வெளியிடும் கடவுச்சொல் மட்டும் செழியனிடம். முன்பு அதை வைத்திருந்தவர், "செத்த நேரம் வச்சிரு அப்பு" என்று கொடுத்துவிட்டுப் போனார். ஏழு வருடமாகிறது.

நான்கு மாதத்துக்கு முன், தாடிக்கொம்பு ஆசிரியை சத்யபிரியா ஒரு பிழை சொன்னாள். அவளுக்கும் பார்வை கிடையாது. "1/2 கிலோ" என்பதை மென்பொருள் "ஒன்று இரண்டு கிலோ" என்று வாசிக்கிறது. ஐவரும் சிரித்தார்கள். ஐவரும் கீழே "பாக்குறேன்" என்று எழுதினார்கள். அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் என்ன பொருள் என்று தெரியாதவர் யார்?

செவ்வாய்க்கிழமை காலை அவளே போன் செய்தாள்.

"அண்ணே, செம்பட்டி சூசைராஜ் ஐயா ஆஸ்பத்திரில கெடக்காரு. சுகர் மாத்திரைய அரைன்னு டாக்டர் போன்ல நம்பரா எழுதி அனுப்பிருக்காரு. நம்மது ஒன்னு ரெண்டுன்னு வாசிச்சிருக்கு. சுகர் கூடுன நாளாச்சேன்னு ரெண்டா முழுங்கிட்டாரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"முழிச்சிட்டாரு. இதுக்கு யாருண்ணே பொறுப்பு?"

ஊர் கூடித் தேர் இழுத்தார்கள், சரி. தேரை நிறுத்த முட்டுக்கட்டை போடுவது யார் என்று பேசி வைக்கவில்லை. செழியன் அந்தப் பிழை பதிவான பக்கத்தைத் திறந்தான். முதல் "பாக்குறேன்" அவனுடையது. அவன் பார்ப்பான் என்று நம்பித்தான் மற்றவர்கள் சும்மா இருந்திருக்கிறார்கள்.

திருத்த இருபது நிமிடம்தான் ஆனது. வெளியிட்டான். "இது என் தவறு" என்று பெயரோடும் போன் எண்ணோடும் அதே பக்கத்தில் எழுதினான். கடவுச்சொல்லை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள், நான் விலகுகிறேன் என்று அதன் கீழேயே குழுவுக்கும் எழுதினான். நால்வரும் படித்தார்கள். யாரும் பதில் எழுதவில்லை.

சாயங்காலம் சூசைராஜ் அழைத்தார். அவர் திட்டிவிட்டால் போதும், விட்டது தொல்லை என்றிருந்தது செழியனுக்கு.

"தம்பி, விலகப் போறியாமே. அது இல்லன்னா ஒரு சீட்டு வாசிக்கக்கூட அடுத்தவன்கிட்டப் போயி நிக்கணும். பாத்துக்குவேல்ல?"

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தான். "பாக்குறேன்யா" என்று வந்தது.



"பாக்குறேன் வேணாம் தம்பி. ஆகும், ஆகாது, ரெண்டுல ஒன்னு சொல்லு."



"ஆகும்யா."