லிந்துலை பஸ்ஸுக்கே நடந்த பயிற்சி

தன்பாலீர்ப்பு கொண்டவர்களை மனம் நோகாமல் நடத்துவது எப்படி? எங்களைப் போன்ற உளவளத்துணையாளர்களுக்கு இன்று ஸூமில் பயிற்சி. நானோ ஹட்டனிலிருந்து லிந்துலை போகும் பஸ்ஸில்.

நேரம் பார்த்து இயர்போன் கழன்றுவிட்டது. பயிற்சியாளரின் கேள்வி பஸ் முழுக்கக் கேட்டது:

"ஒரு இளைஞர் உங்களிடம் வந்து, தான் இன்னொரு ஆணைக் காதலிப்பதாகச் சொல்கிறார். முதலில் என்ன கேட்பீர்கள்?"

கண்டக்டர் பாட்டை நிறுத்தினார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

பக்கத்து சீட் அக்கா, "சாப்பிட்டியாப்பான்னு கேளுங்க மிஸ். புள்ள பயந்து போயி வந்திருக்கும்" என்றார்.

அதையே டைப் பண்ணி அனுப்பினேன்.

"அருமை! இதைவிட நல்ல வரவேற்பு இல்லை" என்றார் பயிற்சியாளர். பஸ்ஸே கைதட்டியது.

அக்கா என் காதருகில், "நல்ல வேள, அதோட நிறுத்திட்டேன். அடுத்து, பொண்ணு பாக்கவான்னு கேக்க இருந்தேன்" என்றார்.

இறங்கும்போது ஒருவர் மெதுவாக, "மிஸ், எந்தக் கெழம கிளினிக்ல இருப்பீங்க?" என்றார்.

யாரென்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். புதன்கிழமை என்றேன். "சாப்பிட்டீங்களா?" என்றும் கேட்டுவைத்தேன்.

இப்போது சான்றிதழ் வரப்போகிறது. யார் பெயரைப் போடச் சொல்வது?