இருபத்து மூன்றாவது தாள்

2008 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று இருபது. மூன்றாவது நாளாகத் தூறல். மாத்தளை பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள இணையமும் அச்சுமுள்ள கொமியூனிகேஷன் கடையில், ஈரக் குடையை முழங்காலில் வைத்துக்கொண்டு, வந்திருந்த பதிலைப் படித்தேன். ஒரே வரி: நீங்கள் இல்லை என்று சொன்ன கட்டளை கடைசியில் இருக்கிறதே, படிக்கவில்லையா?

அரச திணைக்களம் ஒன்றின் கணினிப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதன்பிறகு, எவரும் எடுத்துத் திருத்தக்கூடிய கணினி இயங்குதளம் ஒன்றின் உள்மையத்தில் யார் யாரோ செய்யும் திருத்தங்களைச் சம்பளமில்லாமல் சரிபார்த்து வந்தேன். நாலு வருடத்தில் முப்பத்தொரு திருத்தம் பார்த்து, ஒன்பது பிழை பிடித்தேன். சொன்ன பிழையை ஒருமுறைகூடத் திரும்பப் பெற்றதில்லை.

பதில் போட்ட பிள்ளை எழுதிய இந்தத் திருத்தம், தகவலைப் பூட்டிவைக்கும் மறையாக்கச் சாவிகளைப் பற்றியது. நிரலின் ஒரு பகுதி சாவியை எடுத்தால் கணக்கில் ஒன்று கூடும். வேலை முடிந்ததும் விடுவித்து ஒன்று குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் அந்தச் சாவி நினைவகத்தை விட்டுப் போகவே போகாது. திரையில் படிக்கக் கண் ஒத்துழைப்பதில்லை. அதனால் புதன்கிழமை இதே கடையில் அச்சடித்து, மலைமேல் எல்கடுவையிலுள்ள என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, சிப்பாய் ஒருவர் என் இருபத்திரண்டு தாளையும் மழையில் புரட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வீட்டில் பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். எடுத்தது பதினேழு, விடுவித்தது பதினாறு. வியாழக்கிழமை மறுபடி இறங்கி வந்து, இதை ஏற்கக் கூடாது என்று மின்னஞ்சல் குழுவில் ஊரறிய எழுதிவிட்டுப் போனேன்.

இப்போது திரையில் கீழே கீழே போனேன். என் தாள் முடிந்த இடத்துக்குப் பிறகு இன்னும் நாலு வரி. அதில் மூன்றாவது வரிதான் பதினேழாவது விடுவிப்பு.

"நானா, புதன்கிழமை எத்தனை தாள் அடிச்சீங்க?" என்று கடைக்காரரைக் கேட்டேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"இருபத்தி மூணு வந்திச்சி சேர். கடைசித் தாள்ல நாலே வரி. அதுக்கு உங்ககிட்ட பத்து ரூபா எடுக்கிறதான்னு அடிக்காம உட்டுட்டேன்."

"என்னய ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"நாலு வரியில அப்படி என்னா சேர் இருக்கப்போவுது? பேப்பர்ல மரண அறிவித்தல் கூட ஆறு வரி வருது."

இந்த மனிதரை எப்படி ஏசுவது? என் பணத்தை மிச்சம் பிடித்திருக்கிறார். திருத்தத்தின் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அதில் எத்தனை வரி என்று எழுதியிருக்கும். பஸ் படியைக்கூட எண்ணி ஏறும் நான் அதை எண்ணவில்லை.

"சேர், ஜும்மா தொழுகைக்குக் கடைய அடைக்கணும். பத்து நிமிஷந்தான்."

இயங்குதளத்தில் திருத்தங்களைச் சேர்ப்பவர் இந்தத் தடவைக்கான கணக்கை அன்றோடு முடிக்கிறார். என் மறுப்பு அப்படியே இருந்தால் அந்தப் பிள்ளையின் சரியான வேலை மூன்று மாதம் கிடக்கும். முதலில் அச்சுக் கடையைப் பற்றி ஏழு வரி எழுதினேன். வாசித்துப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. அழித்தேன்.

"நான் முழுவதும் படிக்கவில்லை. பிழை என்னுடையது. திருத்தம் சரி, ஏற்கலாம்" என்று எழுதி என் பெயரைப் போட்டேன். நானா ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டார். இணையம் நகர மாட்டேன் என்றது. கடைசியில் ஒருவாறு மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது.

அந்த மிச்சத் தாளையும் அடிக்கச் சொல்லி, வேண்டாம் என்றவரின் கையில் பத்து ரூபாயைத் திணித்தேன். மூன்று நாள் பஸ், இணையம், தாள் எல்லாம் சேர்த்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.