ஐந்து முறை வந்த சீட்டு

தொண்ணூறுகளின் நடுவில், திருவண்ணாமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்த சமயம். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்களுக்கென்று வேதபாட வகுப்பு ஆரம்பித்தார்கள். அஞ்சல் வழியில் வேதபாடம் படித்துச் சான்றிதழ் வாங்கியவன் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. சும்மாவே எனக்கு வாய் ஜாஸ்தி. இப்போது கேட்க வேண்டுமா?

எல்லோர் முன்னாலும் எழுந்து கேள்வி கேட்கப் பலரும் கூச்சப்பட்டார்கள். அதனால் ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் துளை போட்டு வாசலில் வைத்தேன். பெயர் போடாமல் சீட்டு எழுதிப் போட்டால் போதும். காயீன் யாரைக் கல்யாணம் பண்ணினான், நோவாவின் பேழையில் மீன் இருந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். வெளுத்து வாங்குவேன்.

ஒரு வாரம் இப்படி ஒரு சீட்டு: 'ஞானஸ்நானம் வாங்காமலே இறந்துபோன என் அம்மாவுக்காக நான் ஜெபம் பண்ணலாமா?'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடாது என்றால் எழுதியவர் மனசு உடைந்துபோகும். பண்ணலாம் என்றால் சபை மூப்பர்கள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். உண்மையில் எனக்குப் பதிலே தெரியாது. சத்தமில்லாமல் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே குண்டு குண்டான எழுத்து. நான்கு வாரம் இப்படியே போனது. யாராக இருக்கும் என்று மண்டை குடைந்தது. வகுப்பின் வருகைப் பதிவேட்டை எடுத்து எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். சபையில் இருந்த ஒரு நர்சம்மாவின் எழுத்து! ஆனால் அவருடைய அம்மா முன் வரிசையில் உயிரோடு உட்கார்ந்திருந்தார். போய்க் கேட்டேவிட்டேன்.

"கேட்டவங்களுக்காக எழுதிக் குடுத்தேண்ணே. யாருன்னு சொல்லமாட்டேன். நீங்க பதில சொல்லுங்க" என்றார்.

ஐந்தாவது ஞாயிறு டப்பாவில் அந்தச் சீட்டு மட்டும்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் வாசித்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்றேன். நாலு வாரமாக ஒளித்து வைத்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். என் மனைவி.

"நான்தாங்க எழுதச் சொன்னேன். தெரியாதுன்னு மொத வாரமே சொல்லியிருந்தா, அந்த அக்காவ அஞ்சு சீட்டு எழுத வெச்சிருப்பேனா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என்னால் முடியவில்லை. அவள் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை ஊரில் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். பதினோரு வருஷத்துக்கு முன் என்னைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கினாள். என் மாமியார் இறந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. சபை முழுக்கத் துருவித் தேடிய எனக்கு வீட்டில் இருப்பவள் ஞாபகம் வரவில்லை.

நடந்து வீடு திரும்பும்போது, என்னிடமே கேட்டிருக்கலாமே என்றேன்.

"வூட்ல கேட்டா பிரசங்கம் பண்ணுவீங்க. டப்பால கேட்டாத்தான் யோசிப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "எனக்குக் கல்யாணம் ஆன நாள்லருந்து எங்கம்மா ஒரு பௌர்ணமி விடாம எனக்காக மலை சுத்துச்சு. உங்க பேரையும் சேத்துதான் வேண்டிக்கும். அதுக்காக நான் ஒரு வார்த்தை ஜெபம் பண்ணக்கூடாதாங்க?"

அன்று மதியம் சாப்பாட்டு ஜெபத்தை அவளையே செய்யச் சொன்னேன். அவள் அம்மாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தாள். நான் ஆமென் சொன்னேன்.

அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் பத்து வருஷம் எனக்காக வெறுங்காலோடு மலை சுற்றிய மனுஷியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல், ஊருக்கெல்லாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேனே என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.