மாமாவின் சட்டைப் பையில் இருந்த கடிதம்

எனக்குக் கல்யாணமாகி எட்டாவது மாதம், என் வீட்டுக்காரரின் படைப்பிரிவைக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். அமைதி காக்கப் போவதாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். சில வாரங்களிலேயே அது சண்டையாகிவிட்டது. நைனார்பாளையத்து வீட்டில் மாமனாரும் நானும் மட்டும்தான்.

மாமாவுக்கு சர்க்கார் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. போர் நிறுத்தம் பற்றிப் பேச்சு நடப்பதாக ரேடியோவில் கேட்டதும், "புள்ள சீக்கிரம் வூட்டுக்கு வந்துடுவாம்மா" என்றார்.

மறுநாள் வெள்ளிமலைக்காரர் ஒருவர் வந்தார். என் வீட்டுக்காரரோடு ஒரே பிரிவில் இருந்தவர். கையில் காயம்பட்டு லீவில் வந்திருந்தார். மடித்த காகிதம் ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

"அவன் குடுத்தனுப்புனது. தபால்ல போட்டா பிரிச்சிப் படிப்பாங்க அண்ணி. யார்கிட்டயும் காட்டாதீங்க. மாட்டுனா அவனுக்கு ஜெயில்தான்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மாமாவுக்குப் படிக்க வராது. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் படித்துக் காட்டினேன். 'மேல உக்காந்துகினு உத்தரவு போடறவங்களுக்கு இங்க இன்னா நடக்குதுன்னு தெரியல. காலையில காப்பாத்தறோம்னு சொன்ன ஜனங்க வூட்டையே சாயந்திரம் சுத்தி வளைக்கச் சொல்றாங்க. போர் நிறுத்தம்னு சொன்னா நம்பாதீங்க. போன தடவை பேச்சு நடக்குதுன்னு சொன்ன அன்னிக்குத்தான் என் பக்கத்துல நின்னவன் செத்தான்.'

மாமா "அவன் எழுதினதுதானா?" என்று மட்டும் கேட்டார்.

"அவரு கையெழுத்துதான் மாமா. அடுப்புல போட்டுடலாம்."

"புள்ள கையெழுத்தும்மா" என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடியும் கிளம்பியிருந்த நேரம் அது. சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. மறுநாள் விடிந்ததும் எங்கள் தெருவுக்குள் போலீஸ் நுழைந்தது. கண்ணில் பட்ட ஆம்பிளைகளையெல்லாம் வேனில் ஏற்றினார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மாமாவையும் பிடித்தார்கள். அவர் ஒரு மரத்தையும் தொட்டதில்லை. அவர் சட்டைப் பையைப் பார்த்தபடி நின்றேன். கத்தினால் அவர்களும் அங்கே பார்ப்பார்களே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

தெருப் பெண்கள் எல்லாரும் நடந்தே சின்னசேலம் போனோம். விழுந்து கிடந்த புளிய மரங்களை ஏறித் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். இந்நேரம் யாராவது அதைப் படித்துக்கொண்டிருப்பார்கள். சண்டையில் தப்பினாலும் அந்தக் காகிதத்தால் என் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போய்விடுவார்.

ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். வாசலில் சட்டைகள் குவியலாகக் கிடந்தன. ஒரு போலீஸ்காரர் ஒவ்வொன்றாக உதறிப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார். மாமாவின் நீலச் சட்டையை அவர் எடுத்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பீடிக்கட்டு விழுந்தது. வேறொன்றும் இல்லை.

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் மாமா வெற்றுடம்போடு நின்றார்.

"மாமா, அது..."

"வேன்லயே மென்னு முழுங்கிட்டேன்" என்றார். "அவன் பொய் எழுத மாட்டாம்மா."

மூன்றாம் நாள் விட்டார்கள். அதற்குள் போர் நிறுத்தம் என்று அறிவித்திருந்தார்கள். மாமா ரேடியோ பக்கமே போகவில்லை. சில நாளில் மறுபடியும் சண்டை என்றார்கள். அதன் பிறகு இரண்டு மாதம் கடிதமே இல்லை. தபால்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினால் நான் உள்ளே ஓடிவிடுவேன். தந்தியாக இருந்தால்?

ஒருநாள் டீக்கடையில் யாரோ, "நம்ம படை ஜெயிச்சிக்கினு இருக்குது" என்றார்களாம். மாமா எழுந்து, "அனுப்பினவங்கள்ல ஒருத்தனாச்சும் அங்க போயி நின்னானா? நிறுத்தம்னு சொல்றதும் அவங்களே, சுடச் சொல்றதும் அவங்களே" என்று சத்தம் போட்டிருக்கிறார். கேள்விப்பட்டதும், போலீஸ் வருமோ என்று ஒரு வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை.

மறு வருஷம் என் வீட்டுக்காரர் லீவில் வந்தார். இடது காது கேட்கவில்லை. மாமா அவருடைய வலது பக்கமாகப் போய் உட்கார்ந்து, "இனிமே போவாதடா" என்றார். லீவு முடிந்ததும் போகத்தான் வேண்டியிருந்தது.