சாக்பீஸ் தூள் கல்லான நாள்

அடையாறில் எங்கள் புது வீட்டுக்கு ஃபால்ஸ் சீலிங் போட வந்தவர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தண்ணீரில் குழைத்தபோது எழுந்த ஈர வாசனை, சாந்தோமில் நான் படித்த பள்ளியின் பழைய வேதியியல் ஆய்வகத்துக்கு என்னை இழுத்துப்போனது. இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. அன்று கடற்காற்று உப்பாக வீசும் அந்த அறையில், நானும் என் வகுப்புத் தோழி ரெஹானாவும் தினமும் துண்டு சாக்பீஸ்களை இடித்துக்கொண்டிருப்போம்.

சாக்பீஸ் என்பது ஜிப்சம், அதாவது CaSO₄·2H₂O. பக்குவமாக வறுத்தால் இரண்டு பங்கு நீரில் ஒன்றரை போய் அரை மிஞ்சும், அதுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றது பாடம். வேதியியலில் ஃபெயிலான நாங்கள் அதைப் பள்ளி அறிவியல் கண்காட்சியில் செய்துகாட்டுவோம் என்று யாரும் நம்பவில்லை. முதல் தடவை தீ அதிகமாகிவிட்டது. எவ்வளவு குழைத்தும் சேறாகவே கிடந்தது.

“அந்த அரைத் தண்ணியும் பூட்ச்சுடி” என்று ரெஹானா கண் கலங்கினாள்.

மறுநாள் தீயைக் குறைத்து, மேலே பிடித்த கண்ணாடியில் ஆவி முத்து முத்தாகப் படிவதைப் பார்த்தபடியே கிளறி, ஆவி அடங்கியதும் இறக்கி ஆறவைத்து, தண்ணீரில் குழைத்து ஒரு சோப்பு டப்பாவில் ஊற்றினோம். சற்று நேரத்தில் டப்பா சுட்டது.

“ஏய், அடுப்பே இல்லாம சுடுது! போன தண்ணிய திரும்ப வாங்கிக்கினு கீதுடி!”

அவள் போட்ட கூச்சலில் வேதியியல் டீச்சர் ஓடிவந்து, நாங்கள் டப்பாவிலிருந்து கவிழ்த்த கட்டியை விரலால் தட்டினார். ‘டொக்’ என்றது.

“கண்காட்சியில முதல் மேஜை உங்களுக்குத்தான்” என்றார். ரெஹானா அந்தக் கட்டியைக் வெற்றிக் கோப்பைபோலத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வராந்தா முழுக்க ஓடினாள், பின்னாலேயே நானும்.