முதலில் ஏறியவர் யார்?

எதைச் சொன்னாலும் “ஏன்?” என்று கேட்பதால் அலுவலகத்தில் அவருக்கு ஏனக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. டைல்ஸ், மெத்தை, மருந்து அனுப்பும் மூன்று சிறிய நிறுவனங்கள் சேர்ந்து ஒரே லாரியை ஓட்டத் தொடங்கியபோது, வாடகையைப் பிரித்துத் தரும் வேலை அவர் தலையில் விழுந்தது.

முதலில் எடை பார்த்துப் பிரித்தார். டைல்ஸ்காரர் கொதித்துப் போனார். “முக்கால்வாசி இடத்த மெத்தை அடைச்சுக்குது. காசு மட்டும் நான் கட்டணுமா?”

அடுத்த முறை இடம் பார்த்துப் பிரித்தார். மெத்தைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மருந்துக்காரர் மட்டும் இரண்டு தடவையும் வாயே திறக்கவில்லை. நாலைந்து பெட்டிதான் அவருடையது. எப்படிப் பிரித்தாலும் சொற்பம்.

அந்த அமைதி ஏனக்காவைக் குடைந்தது. ஒருநாள் லாரியிலேயே ஏறிப் போனார். மெத்தையும் டைல்ஸும் அடிவாரத்தில் இறங்கிவிட்டன. அதற்குப் பிறகு அந்த நாலைந்து பெட்டிக்காக மட்டும் லாரி மூச்சு வாங்கிக்கொண்டு மலை ஏறியது.

வீட்டில் இதைச் சொன்னபோது, தினமும் பாதிக் காசு கொடுத்து அவரோடு ஒரே டாக்சியில் வேலைக்குப் போகிற நாத்தனார் சிரித்தாள். “அண்ணி, நான் வராட்டியும் நீங்க டாக்சிலதான் வேலைக்குப் போவீங்க. அப்ப நான் எதுக்குப் பாதி குடுக்கணும்?”

“நான் வராட்டி நீயும் டாக்சிலதானே போவே?”

“அதுவும் சரிதான்” என்றாள் அவள்.

ஏனக்கா அன்று இரவு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். முதலில் ஏறினவராக யாரை வைக்கிறோமோ அவர் தலையில் பெரும் வாடகை விழுகிறது. பின்னால் ஏறுகிறவர் தன்னால் கூடுகிற செலவை மட்டும் கொடுத்துத் தப்பிக்கிறார். எல்லோரையும் மாற்றி மாற்றி முதலில் ஏற்றினால்? மூன்று பேருக்கு ஆறு வரிசைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் அவரவர் பங்கைக் கண்டு, சராசரி எடுத்தார்.

கூட்டத்தில் மருந்துக்காரர் தன் புதிய பங்கைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதுக்கு நான் தனியாவே போயிடலாமே?”

“தாராளமா போலாம் சார். தனியா போனா எவ்வளவு ஆகும்னும் போட்டிருக்கேன், பாருங்க.”

பார்த்தார். இதுதான் குறைவு.

“மலை ரோட்டுல டயர் தேயறத சேத்தீங்களா?” என்றார் டைல்ஸ்காரர்.

“இல்லயே” என்று ஏனக்கா ஒப்புக்கொண்டார். சேர்த்தபோது மருந்துக்காரரின் பங்கு இன்னும் கொஞ்சம் கூடியது. அவர் கோபப்படவில்லை, யோசித்தார்.

“லாரி கீழ வரும்போது காலியாதானே வருது? யாரையாவது சேத்துக்கலாமே.”

அப்படித்தான் மலையில் முட்டைக்கோஸ் பயிரிடுகிற அம்மாள் ஒருவர் நான்காவதாகச் சேர்ந்தார். வந்ததும் வராததுமாக அவர் கேட்டார்: “எப்படியும் காலியா வர்ற வண்டி. எனக்கு எதுக்கும்மா பங்கு?”

ஏனக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.